பொன்மலைக்கு வந்த பனையேறி

திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தம் தகப்பனார் யார் என்று தேடிப் புறப்பட்ட வரலாறு இது. பெயர் வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு பாட்டனார் இருந்திருப்பார்.

தகப்பனாரும் அதே பட்டறையில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைக் கூட்டிக்கொண்டு பொன்மலைச் சந்தைக்குப் போவார். கருப்பட்டி விற்கிற இடத்தில் கட்டாயம் நிற்பார். ஒரு வட்டைக் கையில் எடுத்து உடைத்து, உடைந்த இடத்தை முகர்ந்து பார்த்து, ஒரு துணுக்கை நாவின் நுனியில் வைப்பார். "சீனி கலந்திருக்கு" என்று சொல்லித் திரும்ப வைத்துவிடுவார். கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். இரும்படிக்கிற மனிதருக்குக் கருப்பட்டியில் என்ன இவ்வளவு தேர்ச்சி என்று சிறுவனுக்கு விளங்கியதில்லை.

சட்டையைக் கழற்றினால் அவருடைய நெஞ்சின் நடுவே தோல் தடித்துக் கறுத்துக் காய்த்துப் போயிருக்கும். பாதங்களின் மேற்புறத்திலும் அப்படியே. கேட்டால், "வேலையில வந்தது மக்களே" என்பார். பாய்லர் சூட்டில் வந்த காய்ப்பு என்று மகன் எண்ணிக்கொண்டான். ஒரே மகனை "மக்களே" என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தெருப் பையன்கள் சிரிப்பார்கள். "உங்க வீட்ல எத்தனை பேருடா?" என்று கேலி செய்வார்கள்.

வீட்டுச் சுவரில் கையகலக் கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கும். அதன் முன்னே இரண்டு விளக்கு. விடியுமுன் குளித்து, நெற்றியில் வெள்ளை மண்ணால் மேல்நோக்கி ஒற்றை நாமம் இட்டு, வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். காவிரிக்கு அந்தப் பக்கம் சீரங்கம் இருக்கிறது அல்லவா? நாமம் போட்டவர் ரங்கநாதர் பக்தராகத்தான் இருப்பார் என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டிவிட்டார்கள். அவரும் மறுத்துச் சொல்லவில்லை.

சொந்த ஊரைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கமாட்டார். பட்டறைக்காரர்கள் லீவு கிடைத்தால் பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள், கொடைக்கும் திருவிழாவுக்கும் போவார்கள். இவர்கள் வீட்டில் அந்தப் பயணமே கிடையாது. "நமக்கு ஊர் எதுப்பா?" என்றால், "பொன்மலைதான்" என்று முடித்துவிடுவார். சித்தப்பா, அத்தை என்று ஒரு முகத்தையும் அந்தப் பையன் பார்த்ததில்லை.

தகப்பனார் காலமான பிறகு, பெரியவர் தம் மகளுக்கு வரன் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் பூர்வீகம் கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர் மெதுவான குரலில், ஆனால் காதில் விழும்படி சொன்னார்: "ஊரை விட்டு ஓடி வந்தவனா இருப்பான். களவோ கொலையோ, யார் கண்டா?" கல்யாணம் வேறு இடத்தில் நல்லபடியாக நடந்தது. அந்தச் சொல் மட்டும் முள்ளாகத் தைத்து நின்றது. தகப்பனாரின் நினைவு நாளில் விளக்கேற்றும்போதெல்லாம் அது குறுக்கே வந்தது. ஒரு மகன் தன் தகப்பனைக் கும்பிடும் நேரத்திலேயே, ஒருவேளை இவர் திருடனோ என்று நினைக்க வேண்டியிருந்தால் அது எவ்வளவு பெரிய பாரம்!

ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியம், தகப்பனாரின் வேலைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. முதலில் சேர்ந்த இடம் நாகப்பட்டினம் என்று இருந்தது. இதில் அதிசயம் இல்லை. தென்னகத்தின் இந்தப் பகுதிக்கு ரயில் வந்ததே நாகப்பட்டினத்திலிருந்துதான். 1861இல் அங்கே தொடங்கிய பாதை மறு ஆண்டு திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறையும் நீண்ட காலம் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. பொன்மலையில் புதிய பட்டறை எழுந்து 1928இல் வேலை தொடங்கியபோது, இயந்திரங்களோடு மனிதர்களும் குடும்பம் குடும்பமாக இடம் பெயர்ந்தார்கள். கடற்காற்றில் வளர்ந்தவர்கள் இந்தக் காய்ந்த பாறை நிலத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் வேலையும் நிலைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் ஆட்குறைப்பை எதிர்த்து ரயில்வே தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை சென்றார்கள். அந்தப் புயலில் தப்பி வேலையில் நின்றவர்களில் பெரியவரின் தகப்பனாரும் ஒருவர்.

ஆகவே பெரியவர் நாகப்பட்டினம் போனார். பழைய பட்டறைப் பக்கத்துத் தெருக்களில் இரண்டு நாள் அலைந்தார். அந்தப் பெயரை அங்கே ஒருவரும் அறியவில்லை. பதிவேடு வேலையில் சேர்ந்த ஊரைச் சொல்லுமே தவிர, பிறந்த ஊரைச் சொல்லாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சோர்ந்து திரும்பிவிட்டார்.

தாள் காட்டாத வழியை ஒரு சொல் காட்டியது. அடுத்த கோடையில் சாலையோரம் பதநீர் விற்றுக்கொண்டிருந்தவரிடம் பெரியவர், "அக்கானி இருக்கா?" என்று கேட்டார். தகப்பனாரிடமிருந்து தொற்றிய சொல், நினைத்துக் கேட்டதல்ல. பக்கத்தில் நின்ற ஒருவர் சட்டென்று திரும்பினார். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார். அவர் அகஸ்தீஸ்வரம் பக்கத்துக்காரர், திருச்சியில் உத்தியோகம். "இந்தப் பக்கம் யாரும் அக்கானின்னு சொல்லமாட்டாவ. அது எங்க ஊர்ப் பேச்சு" என்றார். பேச்சு வளர்ந்தது. ஒற்றை மகனையும் "மக்களே" என்று கூப்பிடுவது குமரி மாவட்டத்து வழக்கம் என்றதும் பெரியவருக்கு உடம்பு சிலிர்த்தது.

அவரை வீட்டுக்கு அழைத்துப் போனார். தகப்பனாரின் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நாமக்கட்டி ஒன்றும், மடித்து மடித்து மஞ்சளேறிப்போன நீளமான வெள்ளைத் துணி ஒன்றும் இருந்தன. வேட்டியும் அல்ல, துண்டும் அல்ல, இது என்ன துணி என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வந்தவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து கைகூப்பி நின்றார். "இது தலைப்பாகைத் துணி அண்ணாச்சி. அந்தக் கண்ணாடி வெறும் கண்ணாடி இல்லை. உங்க அப்பா அய்யா வழிக்காரர்."

அந்தக் கார்த்திகையில் பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு சாமிதோப்புக்குப் புறப்பட்டார். நாகர்கோவில் வரை ரயிலிலேயே போனார். தகப்பனார் வந்த காலத்தில் அந்தப் பாதை கிடையாது. திருநெல்வேலியோடு தண்டவாளம் நின்றுவிட்டது. 1981இல்தான் அங்கிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலி வரை நடந்துதான் அவர் வந்திருக்க வேண்டும்.

பதியில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. பெரியவர் அங்கே வந்திருந்த முதியவர்களிடம் தகப்பனார் பெயரைச் சொல்லி விசாரித்தார். முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பொன்மலையிலிருந்து வருகிறேன் என்றதும் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "பொன்மலையா? எங்க ஊர்ல 'பொன்மலையார் வீடு'ன்னு ஒரு வீடு இருக்குல்லா!" என்றார். பொன்மலையில் நாகப்பட்டினத்துக்காரர் என்று பெயரெடுத்தவர், பிறந்த ஊரில் பொன்மலையாராக இருந்திருக்கிறார். இரண்டு ஊரும் அவரை அடுத்த ஊர்க்காரராகவே வைத்திருந்தன!

அந்த வீட்டில் எண்பது வயதை நெருங்கிய ஒரு மூதாட்டி இருந்தார். தகப்பனாருடைய தம்பியின் மனைவி. வந்தவர் யாரென்று தெரிந்ததும் எழுந்து வந்து பெரியவரின் கன்னத்தைத் தடவி, "இப்பந்தான் வர வழி தெரிஞ்சுதா மக்களே?" என்றார். தகப்பனார் போனபின் அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. பேரனுக்கு முன்னால் அவர் அழுதுவிட்டார்.

பரண்மேல் இருந்த ஓலைப்பெட்டி இறங்கியது. அதில் இரண்டு பத்திரங்களும் ஒரு கட்டு மணியார்டர் ரசீதுகளும் இருந்தன. பத்திரங்கள் திருவிதாங்கூர்க் காலத்தவை, மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு. இப்படித் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கொல்லம் ஆண்டோடு, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரைக்கும் 824, அதன் பிறகு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். அய்யா செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்த 1008 மாசி 20 நமக்கு 1833ஆம் ஆண்டாவது இப்படித்தான். முதல் பத்திரம் 1097 ஆடி மாதத்தது, அதாவது 1922. முப்பத்தாறு பனைகளையும் அவை நிற்கிற விளையையும் ஒற்றி வைத்த பத்திரம். மற்றது 1114 சித்திரை, 1939. அதே ஒற்றியைத் திருப்பிய பத்திரம். இரண்டுக்கும் நடுவே பதினேழு ஆண்டு. அந்தப் பதினேழு ஆண்டும் மணியார்டர் வந்திருக்கிறது, முதலில் நாகப்பட்டினத்திலிருந்து, பிறகு பொன்மலையிலிருந்து.

ஒற்றி வைத்தது எதற்காக? சித்தி சொன்னார்: "ஒங்க அப்பா நல்ல பனையேறி. கள்ளுக்கடைக்காரங்கிட்ட முன்பணம் வாங்கியிருந்தாவ. ஒரு வருசம் ஏடு வாசிப்பு முழுசும் இருந்து கேட்டாவ. அதுக்குப் பொறவு கலயத்துல சுண்ணாம்பு தடவாம ஏறமாட்டேன்னு நின்னுட்டாவ."

நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது, கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பனையின் பாளையைச் சீவி அதன் நுனியில் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அந்தச் சாறு புளிக்காது, இனிக்கும். அது அக்கானி. விடிலியில் வைத்துக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் வெயில் ஏறுமுன் அதே சாறு பொங்கிப் புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று, அருவாள் ஒன்று, ஏறுகிறவனும் ஒருவனே. குழந்தைக்குக் கொடுக்கிற அக்கானியையும் குடும்பத்தைக் கெடுக்கிற கள்ளையும் பிரித்து வைப்பது விரல் நுனியில் எடுக்கிற சுண்ணாம்புதான். கள்ளுக்கடைகள் ஏலத்தில் போன காலம் அது. கடை எடுத்தவனுக்குக் கள் வேண்டும், கருப்பட்டியால் அவனுக்கு லாபம் இல்லை. அவன் பணத்தைத் திருப்பிக் கேட்டான். கையில் இல்லை. பனைகளை ஒற்றி வைத்து அவன் கணக்கைத் தீர்த்தார். இப்போது ஏற மரம் இல்லை, ஒற்றிக்காரனுக்குக் கடன் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்குப் போனால் பினாங்குக்குக் கப்பல் ஏறலாம் என்று யாரோ சொன்னார்களாம். போனவர் கப்பல் ஏறவில்லை, பட்டறையில் கூலிக்கு நின்றுவிட்டார்.

இதைக் கேட்டபோது பெரியவருக்கு நெஞ்சின் காய்ப்பு நினைவுக்கு வந்தது. பனையை நெஞ்சோடு அணைத்து, காலில் தளைநார் மாட்டி, காலையும் மாலையும் முப்பது மரத்துக்கு மேல் ஏறி இறங்கினால் நெஞ்சும் பாதமும் அப்படித்தான் காய்க்கும். "வேலையில வந்தது" என்று அவர் சொன்னது பொய்யல்ல. எந்த வேலை என்று மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அன்பர்களே, இதற்குப் பதில் அந்த வீட்டில் மட்டும் இல்லை. பனையேறி என்ற சொல்லையே வசவாக வீசிய காலம் ஒன்று இருந்தது. தென் திருவிதாங்கூரில் ஏறுகிற ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டுகிற தளைக்குத் தளைக்காணம், தோளின்மேல் தலை இருப்பதற்கே தலைவரி. கூலி இல்லாத ஊழியம் வேறு. பெண்கள் மாராப்புப் போடக்கூடாது, ஆண்கள் தலையில் துணி கட்டக்கூடாது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று வைத்த பெயரை முத்துக்குட்டி என்று மாற்ற வைத்த உலகம் அது. அந்தத் தலையில்தான் அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். குனிந்து நின்றவனைக் கண்ணாடி முன் நிறுத்தி, உனக்குள் இருப்பவரைப் பார் என்று காட்டினார்.

வீட்டையும் தொழிலையும் விட்டுப் போவது நம் வழிக்குப் புதிதும் அல்ல. எழுநூறு குடும்பங்கள் அய்யா சொல் கேட்டு, உள்ளதை விட்டு, வாகைப்பதிக் கடற்கரைக்குப் போய்த் துவையல் தவசு இருந்தார்கள். கள்ளும் இறைச்சியும் விலக்கி, நாளுக்கு ஒரு வேளை உண்டு, உடுத்த துணியைத் துவைத்து உடுத்தார்கள். பார்த்தவர்கள் இவர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் துவையல் பண்டாரங்கள் ஆனார்கள். அய்யாவையே, கடலிலிருந்து வந்தவரை, பெற்ற தாய் மகனே என்று அழைத்தபோது, 1008ஆம் ஆண்டு வரை உன் மகன், இனி நாராயணர் மகன் என்று சொன்னதாக நாம் கேட்டிருக்கிறோம். அந்தத் தாயின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! நாராயணரே சீரங்கத்தை விட்டு அனந்தபுரம் போனதைத் திருஏட்டில் கேட்டவர்கள், ஒரு பனையேறி வீடு மாறியதை ஓட்டம் என்று சொல்லலாமா?

ஆனால் ஒற்றியைத் திருப்பிய பிறகாவது அவர் ஊருக்கு வந்திருக்கலாமே? பெரியவரும் அதைத்தான் கேட்டார். சித்தி இரண்டாவது பத்திரத்தைப் படிக்கச் சொன்னார். திருப்பியது தகப்பனார் பணம். பத்திரத்தில் இருந்தது தம்பியின் பெயர். "முப்பத்தாறு பனை ஒரு குடும்பத்துக்குத்தான் கஞ்சி ஊத்தும் மக்களே. ரெண்டு குடும்பம் இருந்தா ரெண்டும் பட்டினி. அவியளுக்கு அது தெரியும். வந்தா பங்கு கேக்க வந்ததா ஊர் நெனைக்கும்னு வராமலே இருந்துட்டாவ" என்றார்.

ஆக, தேடிப் போன மகனுக்குக் கிடைத்தது திருட்டும் இல்லை, கொலையும் இல்லை. வாங்கிய கடனைப் பதினேழு ஆண்டு இரும்படித்துத் தீர்த்து, தீர்ந்த சொத்தையும் தம்பிக்கு விட்டுக்கொடுத்த ஒரு மனிதர் கிடைத்தார்.

அதற்காக அவருடைய மௌனத்தையும் சரியென்று சொல்லிவிட முடியாது. தர்மத்துக்காகத் தொழிலை விட்டவர், அந்தத் தொழிலின் பெயரைச் சொல்ல மட்டும் கூசினார். தலைப்பாகையைப் பெட்டிக்குள் மடித்து வைத்தார். கண்ணாடியை மாட்டினார், அது என்ன கண்ணாடி என்று பிள்ளைக்குச் சொல்லவில்லை. புது ஊரில், கம்பெனி உத்தியோகத்தில், பனையேறி என்று தெரிந்தால் பிள்ளையை என்ன சொல்வார்களோ என்று பயந்திருப்பார். பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது பிள்ளைதான், ஐம்பது ஆண்டுக்கு மேல். இன்றும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் பிள்ளைகள், பாட்டனார் என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், விவசாயம் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அய்யா யாரை அன்புக்கொடி மக்கள் ஆக்கினாரோ அவர்களை நாமே மறைத்தால் எப்படி?

சித்தியின் பேரன் ஒரு காரியம் செய்தான். மறுநாள் பெரியவரை விளைக்குக் கூட்டிப் போய், நிற்கிற பனைகளைக் காட்டி, "இதுல பாதி ஒங்களுக்கு உள்ளது பெரியப்பா. இப்ப ஏற ஆள் இல்ல, ஆனாலும் நெலம் நெலந்தான். எழுதிக்கிடுவோம்" என்றான். பெரியவர் ஒரு பனையைக் கட்டிப் பிடித்து நெஞ்சை அதில் வைத்துப் பார்த்தார். செதில் குத்தியது. "எங்க அப்பா எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் மக்களே" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சொல் அவர் வாயில் வந்ததைக் கேட்டுச் சித்தி சிரித்தார்.

அன்று முத்திரிக்கிணற்றில் பதம் விட்டு, ஈரத்தோடு நின்று, தகப்பனாரின் பழைய துணியைப் பிரித்தார். ஓரம் இற்றுப்போயிருந்தது. கட்டத் தெரியாமல் தடுமாறியவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பையன் கட்டிவிட்டான். நாமம் பெற்றுக்கொண்டு, பணிவிடை முடிகிற வரை பதியில் இருந்தார்.

பொன்மலைக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பேரனோடு சந்தைக்குப் போனார். கருப்பட்டிக் கடையில் நின்று ஒரு வட்டை எடுத்து உடைத்து முகர்ந்து பார்த்தார். "பெரியவரே, வாங்குறதுன்னா வாங்குங்க. உடைச்சா யாரு காசு குடுக்குறது?" என்றார் கடைக்காரர்.

"எங்க அப்பா பனையேறி. பார்த்துத்தான் வாங்குவேன்" என்றார் பெரியவர், பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி.

கடைக்காரர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு பின்னாலிருந்த சாக்கைப் பிரித்து வேறொரு வட்டை எடுத்து நீட்டினார். "அப்ப இதைப் பார்த்துச் சொல்லுங்க. உடன்குடிச் சரக்கு."

பேரன் முதலில் கை நீட்டி வாங்கி முகர்ந்து பார்த்தான்.

அய்யா உண்டு.